முதல் மூவாயிரம் ரூபாயை எதில் போடுவது? வீட்டுக் கார்பன் கணக்கில் ஓர் ஒப்பீடு

சுற்றுச்சூழலுக்காக வீட்டில் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு நீளமான பட்டியல்தான். மூங்கில் டூத்பிரஷ், துணிப்பை, எல்.இ.டி. பல்பு, சோலார், பஸ் பயணம், சார்ஜரைப் பிடுங்கி வைப்பது என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். படிக்கிறவருக்கு எல்லாமே சமம் என்றுதான் தோன்றும். அதனால் எது சுலபமோ அதில் உழைப்பெல்லாம் போய்விடுகிறது, பெரியது அப்படியே இருந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு குடும்பத்தால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பழக்கங்களைத்தான் உருப்படியாக மாற்ற முடியும். அந்த ஒன்றிரண்டு வாய்ப்பும் டூத்பிரஷில் கரைந்துபோகக் கூடாது.

ஆகவே இங்கே பட்டியல் இல்லை. எதை முதலில் செய்யலாம், எது காத்திருக்கலாம், எது இப்போதைக்கு வேண்டாம் என்பதை, கார்பன், அதாவது பூமியைச் சூடாக்கும் கரியமிலவாயு, எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நகரத்திலோ சிறுநகரத்திலோ இருக்கும் நான்கு பேர் கொண்ட வீட்டை மனதில் வைத்துக்கொள்கிறேன். ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்களுக்குக் கணக்கு வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்கட்டமைப்பில் இன்னும் நிலக்கரிதான் பிரதானம் என்பதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்து முடிந்தால் சுமார் 42 கிலோ. இனி வரும் கணக்கு பெரும்பாலும் இவற்றைப் பெருக்கி வருவதுதான், பேனாவும் காகிதமும் இருந்தால் உங்கள் வீட்டுக்கும் போட்டுவிடலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவி, அவ்வளவுதான். அந்த வீடுகளுக்குச் சிக்கனம் சொல்லித்தர எனக்கு மனசு வராது, தேவையும் இல்லை. இது 300, 500, 800 யூனிட் என்று பில் வருகிற வீடுகளுக்கு.

ஃபேனா, ஏசியா?

கையில் மூவாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் என் பதில் பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள ஃபேன். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70, 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30, 35 வாட்டில் தந்துவிடும். வித்தியாசம் 40 வாட் என்றால் என்ன பெரிதாக வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் நம் ஊரில் ஹால் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் சுற்றுகிறது, மார்கழியில்கூட. அப்படியானால் நாளைக்கு 0.6 யூனிட், வருடத்துக்கு 219 யூனிட், கரியமிலவாயுவில் 150 கிலோவுக்கு மேல். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று குறைவாக வைத்தாலும் வருடம் ஆயிரத்தைத் தாண்டும், மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் அங்கே கட்டண விகிதமே மாறிவிடுகிறது, மிச்சமாகும் யூனிட்டுகள் எப்போதும் விலை அதிகமான உச்சிப் படியிலிருந்துதான் குறையும்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எது அதிக நேரம் ஓடுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் புது ஃபேன் மாட்டுவது காசுக்கும் கேடு, அதைச் செய்ய எரிந்த மின்சாரத்துக்கும் கேடு. வாடகை வீடு என்றாலும் தயங்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனால் வீட்டுக்காரர் மாட்டியிருந்த பழைய ஃபேனைப் பரணில் பத்திரமாக வையுங்கள். வாங்கும்போது மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள், 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் அது கட்டாயம். குறை ஒன்று உண்டு, உள்ளே சர்க்யூட் போர்டு இருப்பதால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கண்டென்சர் மாற்றி சரிசெய்கிற மாதிரி இதைச் சரிசெய்ய முடியாது. வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஏசி இருக்கும் வீட்டுக்கு வருவோம். அங்கே ஃபேனுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பைசா செலவில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு 8 மணி நேரம், வருடத்தில் 150 இரவு என்றால் 1200 யூனிட், அதாவது 840 கிலோ கரியமிலவாயு. ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 22-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிற வீடு 26-க்கு ஏற்றி, மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், 200 கிலோ. ஒரு புது ஃபேன் தருவதைவிட இது அதிகம். 2020 ஜனவரி முதல் விற்கிற ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அதை நாம்தான் ரிமோட்டில் கீழே இறக்குகிறோம்.

ஏசியில் இன்னொரு விஷயம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உள்ளே இருக்கும் குளிர்வாயு. ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் அது இரண்டு டன் கரியமிலவாயுவுக்குச் சமம். இப்போது பரவலாக வருகிற ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு கிலோவுக்கு 675 கிலோ. ஒரு வீட்டு ஏசிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ அளவில் இந்த வாயு இருக்கும். அப்படியானால் 800 கிராம் ஆர்-32 கசிந்து போனால் 540 கிலோ, பி.எல்.டி.சி. ஃபேன் மூன்றரை வருடம் மிச்சம் பிடித்ததை ஒரே கசிவு அழித்துவிடும். வருடா வருடம் கோடை வந்தால் "கேஸ் டாப்-அப் பண்ணணும் சார்" என்று ஆள் வந்து நிரப்பிவிட்டுப் போகிறாரா? நல்ல நிலையில் இருக்கும் ஏசியில் கேஸ் குறையவே கூடாது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, வெளி யூனிட்டில் பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டிலோ உள்ளே காயிலிலோ. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழ் வரும். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்குள் அந்த வாயுவும் வானத்துக்குத்தான் போகும். முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள், அப்புறம் நிரப்பலாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுகிறவர் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும், பலர் அவசரத்தில் அப்படியே திறந்துவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள்.

புதிதாக ஏசி வாங்கலாமா என்று யோசிக்கும் மேல்மாடி வீட்டுக்காரர்கள், அதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துப் பாருங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்டோ, சாதாரணச் சுண்ணாம்போ, வெள்ளை ஓட்டுச் சில்லோ, எதுவானாலும் சரி. பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட்தான் ராத்திரி பதினொரு மணிக்கு அறைக்குள் அனலை இறக்குகிறது. அதைத் தடுத்தால் சில வீடுகளில் ஏசியே தேவைப்படாது, தேவைப்பட்டாலும் ஒரு டன் போதும்.

இந்தப் பேச்சோடு சேர்த்துச் சார்ஜர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். இப்போது வருகிற மொபைல் சார்ஜர் சும்மா செருகிக் கிடந்தால் வருடத்துக்கு ஓரிரு யூனிட், அவ்வளவுதான். அதே சுவரில் இருக்கும் செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள், டிவியை ரிமோட்டில் அணைத்து மூன்று மணி நேரம் ஆன பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு முழுக்க மின்சாரம்தான். பத்து வாட் என்றாலும் 24 மணி நேரமும் ஓடினால் வருடத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் வழி.

கேஸா, இண்டக்‌ஷனா?

சூழலுக்கு நல்லது என்று நினைத்து இண்டக்‌ஷனுக்கு மாறியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். நோக்கம் நல்லதுதான், ஆனால் இன்றைய நிலவரப்படி கணக்கு மறுபக்கம் சாய்கிறது. ஒரு சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. நம் அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது அதில் 60 சதவீதம் என்று வைத்தால் 108 யூனிட். அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய, அது 85 சதவீதம் திறன் உள்ளது என்பதால், 127 யூனிட் மின்சாரம் வேண்டும். கேஸ் வழியில் 42 கிலோ, மின்சார வழியில் 89 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல். நாட்டுக்குத் தேவையான கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் இறக்குமதியாகிறது, அந்தப் பயணத்தையும் சேர்க்க வேண்டும் என்பார்கள், சேர்க்கலாம். ஆனால் மின்சாரமும் அனல்மின் நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வருவதற்குள் கம்பியில் கொஞ்சம் இழக்கிறது. இரண்டையும் சேர்த்தாலும் முடிவு புரளாது.

தமிழ்நாட்டில்தான் இவ்வளவு காற்றாலை இருக்கிறதே, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தியா முழுவதும் ஒரே மின்கட்டமைப்பு, நீங்கள் கூடுதலாக ஒரு யூனிட் இழுத்தால் எங்கோ ஓர் அனல்மின் நிலையம்தான் அதைக் கூடுதலாகத் தரும் வாய்ப்பு அதிகம், முக்கியமாக காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும், அதாவது நாம் சமைக்கும் நேரத்தில். வருகிற வருடங்களில் சூரியமின்சாரமும் காற்றும் கூடக் கூட இந்தக் கணக்கு மாறும். அன்றைக்கு இண்டக்‌ஷன் ஜெயிக்கும். இன்றைக்குச் சிலிண்டர் தட்டுப்பாட்டுக்காகவோ, சமையலறைப் புகை பிடிக்காமல்போன உடம்புக்காகவோ, பேச்சிலர் அறையில் கேஸ் இணைப்பு இல்லாததாலோ வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். கார்பன் குறையும் என்ற காரணத்துக்காக மட்டும் வேண்டாம். மாடியில் சோலார் இருந்தால் விஷயமே வேறு, அதற்கு வருகிறேன்.

இருக்கிற கேஸைக் குறைக்க அம்மாக்களுக்குத் தெரிந்த வழிகள்தான் இன்றைக்கும் சரி. கொண்டைக்கடலை ராத்திரியே ஊற வேண்டும், அரிசியும் பருப்பும் அரை மணி நேரமாவது. குழம்பு கொதித்த பிறகு தட்டு போட்டு மூடி, தீயைச் சிம்மில் வைக்க வேண்டும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கழற்றி ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டும். இவ்வளவு செய்தால் வருடத்துக்கு ஒரு சிலிண்டர் குறைந்தாலே நல்ல பலன்.

குடிதண்ணீர்: ஆர்.ஓ., கேன், கொதிக்கவைப்பது

இந்த மூன்றில் எது என்பதுதான் நான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி, பதில் உங்கள் குழாயில் வரும் தண்ணீரைப் பொறுத்தது. ஆகவே வாங்குவதற்கு முன் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றால் அளந்து பாருங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரநிர்ணயம். அதற்குக் கீழே இருக்கும் இடங்களில் உப்பை நீக்கும் வீட்டு ஆர்.ஓ. கருவி தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது.

காரணம், வெளியே போகும் தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழித்து ஊற்றுகிறது. நான்கு பேர் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 12 லிட்டர் என்றால், சிங்குக்குப் போவது 36 லிட்டர், வருடத்துக்கு 13,000 லிட்டர். சென்னையில் ஒரு பெரிய டேங்கர் லாரி 12,000 லிட்டர். 2019 கோடையில் அந்த லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில், ஒவ்வொரு ஆர்.ஓ. வீடும் வருடத்துக்கு ஒரு லாரித் தண்ணீரைச் சத்தமில்லாமல் சாக்கடைக்கு அனுப்புகிறது. உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற கோயம்புத்தூர் வீடுகளில்கூட ஆர்.ஓ. மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

கொதிக்கவைத்துக் குடிப்பது பாதுகாப்பான வழி, காய்ச்சல் காலத்தில் டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 12 லிட்டரையும் தினமும் கொதிக்கவைத்தால் வருடத்துக்கு மூன்று சிலிண்டருக்கு மேல் அதற்கே போய்விடும், சுமார் 140 கிலோ. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கேன் தண்ணீரில் அந்த 20 லிட்டர் கேன் பலமுறை சுழற்சியில் வருவதால் பிளாஸ்டிக் ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை அது எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. புறநகர்க் கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி, அங்கேயே ஆர்.ஓ. செய்து, அங்கேயே கழிவு நீரை விட்டு, வண்டியில் ஏற்றி நமக்கு வருகிறது. நம் வீணடிப்பு இன்னொரு ஊரில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டி.டி.எஸ். குறைவான மாநகராட்சித் தண்ணீர் வரும் வீட்டுக்கு என் தேர்வு யு.வி. வடிகட்டி, புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்வது. தண்ணீர் வீணாகாது, மின்சாரமும் மிகக் குறைவு. போர்வெல் உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் ஆர்.ஓ. வைத்தே ஆக வேண்டும், அப்போது அந்தக் கழிவுக் குழாயைச் சிங்கில் விடாமல் ஒரு வாளியில் விடுங்கள். பாத்திரம் கழுவ, வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற ஆகும், செடிக்கு மட்டும் தினமும் வேண்டாம், உப்பு சேர்ந்து மண் கெட்டுவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஃபுளோரைடு பிரச்சினை உள்ள பகுதிகளில் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பக் கூடாது, ஃபுளோரைடை அது தனியாகக் காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

பயணம்

இதில் கணக்கு நேரடியானது. கல்லூரிக்கோ வேலைக்கோ நாளைக்கு 20 கிலோமீட்டர், வருடத்தில் 250 நாள் என்றால் 5000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 தரும் பெட்ரோல் கார் என்றால் 770 கிலோ. லிட்டருக்கு 45 தரும் ஸ்கூட்டர் என்றால் 255. மின்சார ஸ்கூட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் என்று வைத்தால் 105, நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும்கூட. நாற்பது பேர் ஏறிய டீசல் பஸ் என்றால் ஆளுக்கு 85 கிலோ, அந்த பஸ் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகிறது.

பார்த்தால் மின்சார ஸ்கூட்டரும் பஸ்ஸும் கிட்டக்கிட்ட நிற்கின்றன. ஆனால் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வேண்டும், ஒரு பேட்டரியைச் செய்தாக வேண்டும். இன்னொன்றுக்குப் பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் இலவசப் பாஸ் இருக்கிறது, 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட்டே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பெட்ரோல் ஸ்கூட்டரை அவசரமாக விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்க வேண்டாம். அது ஆயுள் முடிந்து அடுத்தது வாங்கும் நேரம் வரும்போது மின்சாரத்துக்குப் போங்கள். நான் முதலில் நிறுத்தச் சொல்வது, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு ஒரு பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காலி வண்டியோடு திரும்பி வருவதை. இரண்டு பயணத்துக்கு நான்கு பயணமாகிறது அது, போய் வர இரண்டு, சாயங்காலம் மறுபடி இரண்டு. ஒரே அடுக்ககத்தில் நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போனால் முறை வைத்துக்கொள்ளலாம். பஸ் இருக்கிறது, ஸ்டாப்புதான் தூரம் என்றால் பள்ளியில் கொடுத்த சைக்கிள் பல வீட்டில் மாடிப்படிக்குக் கீழே காற்றில்லாமல் கிடக்கிறது, அதை எடுத்து டியூப் மாற்றுங்கள்.

குப்பை: மஞ்சப்பையா, மக்கும் குப்பையா?

2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. நல்லது. சாக்கடை அடைப்பும் மாட்டு வயிற்றில் பையும் குறைய வேண்டும். ஆனால் கார்பன் கணக்கில் துணிப்பை தானாக ஜெயிப்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால் பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் இரண்டும் சமம் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் கணக்கிட்டது. பருத்திக்குத் தண்ணீர், உரம், நூற்பு, சாயம் எல்லாம் போகிறதே. ஆகவே புதுப் பை வாங்க வேண்டியதே இல்லை, கல்யாணத்துக்குப் போய் வந்த தாம்பூலப் பை எந்த வீட்டிலும் பத்துக்குக் குறையாமல் இருக்கும். அதில் இரண்டை வண்டிப் பெட்டியிலும் ஆபீஸ் பையிலும் நிரந்தரமாக வைத்துக் கிழியும்வரை பயன்படுத்துங்கள்.

உங்களிடம் நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது, பை அல்லது சமையலறைக் கழிவு இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் கழிவைத்தான் சொல்வேன். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்த்தோல், சாதம், வாழை இலை மாதிரி மக்கும் பொருள்தான். அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கட்டப்பட்டு, குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது, கரியமிலவாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. குப்பைமேடு தீப்பிடித்தால் நாள்கணக்கில் அணையாமல் எரிவதற்கும் அதுதான் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் சென்னையில் பெருங்குடி குப்பைமேடு எரிந்ததும் 2024 ஏப்ரலில் கோவையில் வெள்ளலூர் மேடு எரிந்ததும் அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மறந்திருக்காது. பெருங்குடி மேடு உட்கார்ந்திருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அந்தச் சதுப்புநிலம் இடம்பெற்றிருக்கிறது.

செய்முறை சிரமமில்லை. மூடியுள்ள பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி, சுற்றிலும் அடியிலும் ஆணியைச் சூடாக்கிப் போட்ட ஓட்டைகள், கீழே ஒரு தட்டு. அடியில் நான்கு விரல் உயரம் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள். ஒவ்வொரு நாளும் கழிவைச் சின்னதாக நறுக்கிப் போட்டு அதே அளவு நார்த்தூளால் மூட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்துக் கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகு இன்னும் போடுங்கள், ஒரு நாள் மூடியைத் திறந்து வையுங்கள். வெள்ளையாகத் தடித்த புழு நெளிவதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு, கழிவைத் தின்று வேகமாக மக்கவைக்கும், நோய் பரப்பாது. நிரம்பிய வாளியை ஓரமாக வைத்து அடுத்ததைத் தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் மாதிரி வாசனையோடு உரம் கிடைக்கும். மீன் கழிவும் எண்ணெய் நிறைய இருக்கும் சாப்பாடும் முதல் வாளியில் வேண்டாம். இதற்கு நேரமில்லை என்றாலும் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். நாப்கினும் பிளேடும் சோற்றுக் குழம்பும் கலந்த பையை ஒருவர் வெறுங்கையால் பிரிக்கும் வேலையாவது நிற்கும்.

சொந்த மாடி இருந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்ட முடியாத ஒன்று மாடி சோலார். 3 கிலோவாட் போட்டால் நம் வெயிலுக்கு நாளைக்குச் சுமார் 12 யூனிட், வருடத்துக்கு 4000 யூனிட்டுக்கு மேல், மூன்று டன். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அது போகவும் கையிலிருந்து ஒரு லட்சத்தை ஒட்டிப் போட வேண்டியிருக்கும், 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள், ஒரு பேனல் மீது விழும் நிழல் முழு வரிசையையும் இழுத்துவிடும். பகல் மின்சாரம் கையில் இருக்கும்போது இண்டக்‌ஷன் கணக்கு தலைகீழாகிறது. மதியச் சமையல், துணி துவைப்பது, தொட்டிக்கு மோட்டார் போடுவது எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் நகர்த்துங்கள். கேஸ் தானாகக் குறையும்.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு

உங்கள் கையில் ஃபேனும் இல்லை, அடுப்பும் இல்லை, மாடியும் இல்லை. அறையைப் பூட்டும்போது ஃபேனை அணைப்பது, வெந்நீர் வாளியில் ராடை மறந்துவிடாமல் இருப்பது, இவை தவிர உங்கள் கையில் நிஜமாகவே இருப்பவை இரண்டு. ஒன்று மெஸ் தட்டு. மூன்று கரண்டி சாதம் வாங்கி ஒன்றரைக் கரண்டியைக் கொட்டுவது ஐந்நூறு பேர் சாப்பிடும் இடத்தில் தினமும் டிரம் கணக்கில் சேர்கிறது, நெல் விளைந்த வயலின் மீத்தேனும் சமைத்த கேஸும் அதில் இருக்கின்றன. மெஸ் கமிட்டியில் பேசி, முதல் தடவை அரை அளவு, வேண்டுமென்றால் இரண்டாம் தடவை என்று மாற்றச் சொல்லுங்கள். கழுவும் இடத்தில் அன்றைக்குக் கொட்டிய எடையைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று போனும் லேப்டாப்பும். ஒரு ஸ்மார்ட்போனை ஒரு வருடம் சார்ஜ் செய்ய ஐந்தாறு யூனிட்தான், நான்கு கிலோ. அதைத் தயாரிப்பதில் வெளியாவது 50 முதல் 80 கிலோ என்று கம்பெனிகளே சொல்லும் அளவு, லேப்டாப் என்றால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஆகவே சார்ஜ் செய்வதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை, இரண்டு வருடத்தில் மாற்றும் போனை நான்கு வருடம் வைத்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் எஸ்.எஸ்.டி.யும் (வேகமான சேமிப்பு டிஸ்க்) பேட்டரியும் மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள், சில ஆயிரத்தில் முடிந்துவிடும், இன்னும் மூன்று வருடம் ஓடும். முதல் வருடம் சேரும் தம்பி தங்கைகளுக்கு வீட்டில் புதிது வாங்கப்போகிறார்கள் என்றால், படிப்பு முடித்துப் போகும் சீனியர்கள் மே மாதத்தில் தங்கள் லேப்டாப்பை விற்பார்கள், ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டைப் பார்த்துச் சொல்லி வையுங்கள்.